மழையில் ஓடிய மோட்டாரும் ஏரி அசுரனும்

எங்கள் வீட்டில் அசுரர்களைக் கொல்பவள் நான்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பயிர்க் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி, சோறு வடித்து இறக்கிவிட்டு மதியம் கணினி முன்னால் உட்கார்ந்தேன் என்றால், துப்பாக்கியும் கையுமாக நரகத்துக்குள் இறங்கிவிடுவேன். காதில் ஹெட்போன் ஏறிவிட்டால் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. எங்கள் ஊர் கெடாரில் இந்த வேலையைச் செய்கிற பெண்பிள்ளை வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் வரட்டும், ஒரு கை பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என் தம்பி. விழுப்புரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். படிக்கிற காலத்திலேயே நாங்கள் இருவரும் ஒரே கணினியில் முறை வைத்து ஆடியவர்கள். எனக்குக் கல்யாணமான பிறகு கடையில் ஓய்ந்துபோன ஒரு கணினியைத் தட்டிக்கொட்டி, இதே ஆட்டத்தை ஏற்றிக் கொண்டுவந்து வைத்தான். யு.பி.எஸ். மட்டும் பேட்டரி செத்தது. அடுத்த முறை மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், கணினிக்காரன் அக்காவுக்கு யு.பி.எஸ். கிடையாது.

ஆட்டம் வெளிவந்து நாளாகிவிட்டது. அதற்குக் கூடுதல் பாகம் ஒன்று புதிதாக வந்தபோதுதான் எங்களுக்குள் சண்டை மூண்டது. தம்பி அதை முடித்துவிட்டுப் போனில் குதித்தான். அதைப்போல ஒன்று வந்ததே இல்லையாம், குறை என்று சொல்ல ஒரு மண்ணும் இல்லையாம். நான் அப்போதுதான் பாதி தாண்டியிருந்தேன். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் குறை.

"செக்பாயிண்ட்டை எங்கடா கொண்டுபோயி வச்சிருக்கான்? செத்தா ஒரு ஊரையே திரும்ப நடக்க வேண்டியிருக்குது" என்றேன். செக்பாயிண்ட் என்பது இதுவரை வந்துவிட்டாய் என்று ஆட்டம் குறித்துக்கொள்ளும் இடம். செத்தால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். முடிச்சிட்டு வந்து பேசுக்கா. முடிக்காதவங்க பேசக் கூடாது."

அது அவன் கடைச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அரைக் கதவு சாத்திக்கொண்டு அவனும் அவன் கூட்டாளிகளும் பட்டிமன்றம் நடத்துவார்கள். கோயில் திருவிழாவில் கற்பு, நட்பு என்று பேசுவார்களே, அதே மாதிரி இவர்கள் ஆட்டங்களைப் பற்றி இரண்டு அணி பிரிந்து பேசுவார்கள். என் தம்பிதான் நடுவர். அந்த வார ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு, புதிய கூடுதல் பாகத்தில் விஞ்சி நிற்பது நிறையா குறையா. குறை அணியில் பேச ஆள் இல்லை. நான் பேசுகிறேன் என்றேன். முடித்தால் வா, முடிக்காவிட்டால் டீ கொடுத்து உட்கார வைக்கிறோம், வாயைத் திறக்கக் கூடாது என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏற்கனவே என் வீட்டில் என் பேச்சு எடுபடாமல் நான் வெந்துகொண்டிருந்த நேரம் அது.

அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் டிராக்டர் உதிரி பாகம் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். காலையில் விழுப்புரம் வரை வண்டி, அங்கிருந்து பஸ், திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகும். கொல்லையில் நிற்பவள் நான். ஆனால் மோட்டார் அவர் கையில் இருந்தது. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் நாளில் சில மணி நேரம்தான் வரும், வந்தால் பெட்டி அவருக்குப் போன் போட்டுச் சொல்லும். அவர் திண்டிவனத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஒன்றாம் எண்ணை அமுக்குவார், கெடாரில் தண்ணீர் பாயும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டுவார் என்று நினைக்கிறேன். அத்தனை பெருமை.

ஆடியில் விதைத்த மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, முற்றி, பிடுங்கும் பருவத்துக்கு வந்திருந்தது. அந்தச் சமயத்தில் மண் சொதசொதவென்று இருந்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். நான் தினமும் நடந்து பார்த்துவிட்டு, ஈரம் அதிகமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்பேன். "செடி வாடும்மா, உனுக்கு இன்னா தெரியும்" என்பார். மண்ணை மிதிக்கிற எனக்குத் தெரியாதாம், மிதிக்காதவருக்குத் தெரியுமாம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். கடைசிக் கட்டம் ஒரு ஏரி. தண்ணீருக்கு அடியிலிருந்து அசுரன் எழுந்து வருவான். ஊர்க் கோபுரத்தில் பாதி உயரம். அவன் கவசத்தை ஒவ்வொரு துண்டாக உடைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தண்ணீருக்குள் முழுகி உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவான். ஏரி வேறு ஏறிக்கொண்டே இருக்கும், நமக்குக் கால் வைக்க இடம் குறைந்துகொண்டே வரும். அவனிடம் நான் சாகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கடைசிக் கவசம் தெறிக்கும் நேரத்தில் திரை பொக்கென்று கறுத்து, கணினி தானே அணைந்து தானே எழும். செக்பாயிண்ட்டோ ஏரிக்கு வரும் வழியில், சதுப்பு நிலத்துக்கும் முன்னால். மறுநாளும் அதே கதை.

வெள்ளிக்கிழமை தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "டேய், உங்க குறையே இல்லாத ஆட்டம் கடைசி அசுரன் வந்தா படுத்துக்கினு போவுது. இத விட இன்னாடா குறை வேணும்?"

"எங்க யாருக்கும் அப்டி ஆவலயேக்கா. நீ தோத்துட்டு கம்ப்யூட்டர் மேல பழி போடுற."

போனை வைத்துவிட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஆட்டத்துக்கு அழுவார்களா என்றால், அழுவார்கள். அது ஆட்டத்துக்கான அழுகை மட்டுமல்ல.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. இடி இல்லை, காற்று இல்லை, சும்மா ஊற்றுகிறது. எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. சதுப்பு நிலத்தை ஒரே மூச்சில் தாண்டினேன். கை என் பேச்சைக் கேட்டது. ஏரி அசுரன் எழுந்தான். முதல் கவசம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. கடைசிக் கவசம் விரிசல் விட்டு, உள்ளே அவன் நெஞ்சு கனல் மாதிரி தெரிந்தது. ஒரே ஒரு குண்டு. திரை கறுத்தது.

ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். மழைச் சத்தம் கேட்டது. அதற்குள்ளே இன்னொரு சத்தமும் கேட்டது. உர்ரென்று, கிணற்றுப் பக்கமிருந்து. மதியத்தில் மோட்டார் ஓடுவது எங்களுக்குக் காக்கை கத்துவது மாதிரி, காதிலேயே விழாது. ஆனால் கொட்டுகிற மழையில் மோட்டார் ஓடினால் யார் காதிலும் விழும்தானே?

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. த்ரீ பேஸ் வருவது மதியம். நான் ஏரிக்கு வந்து சேர்வதும் அந்த நேரம்தான். அவர் திண்டிவனத்தில் ஒன்றை அமுக்க, மோட்டார் எழும்போது எங்கள் வீட்டு வோல்டேஜ் படுக்கிறது, கணினி அணைகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இத்தனை நாள் ஆட்டத்தைத் திட்டியிருக்கிறேன். என் அசுரன் ஏரிக்குள் இல்லை, உதிரி பாகக் கடையில் நின்றுகொண்டிருக்கிறான்.

கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். பாத்தியெல்லாம் தண்ணீர் தளும்பி நின்றது. மோட்டார்க் கொட்டகைக்குள் நின்று போன் போட்டேன்.

"ஏங்க, மழ கொட்டிக்கினு இருக்குது, மோட்டாரப் போட்டு வச்சிருக்கீங்களே!"

"மழையா? இங்க வெயிலு கொளுத்துதும்மா."

"கொல்ல திண்டிவனத்துலயா இருக்குது?"

"கரண்டு வந்துச்சுன்னு பெட்டி போன் பண்ணுச்சு, போட்டேன். இரு இரு, ஜல்தியா ஆஃப் பண்றேன்."

"நீங்க ஒன்னும் பண்ண வேணாம். நானே பண்ணிக்கிறேன். வந்து கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுங்க. பாக்காதவங்க பேசக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, தம்பி என்னை அடித்த கோலையே நான் கையில் எடுத்திருக்கிறேன் என்று. ஸ்டார்ட்டர்ப் பெட்டியில் மோட்டாரை நிறுத்தி, ஆட்டோவில் இருந்த விசையை மேனுவலுக்குத் திருப்பினேன். இனி திண்டிவனத்திலிருந்து யார் எதை அமுக்கினாலும் கெடாரில் ஒன்றும் நடக்காது. அந்த டக் என்ற சத்தம் இருக்கிறதே, ஆட்டத்தில் எந்தத் துப்பாக்கிக்கும் அப்படி ஒரு சத்தம் கிடையாது.

அவர் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டார்ச்சோடு கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு செடியைப் பிடுங்கினார். காய்களில் சிலது வாய் பிளந்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை, நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேட்டுப் பக்கம் எப்டி இருக்குது?"

"மேட்டுல தப்பிச்சிருக்குது. பள்ளத்த நாளான்னிக்கே புடுங்கிடணும்."

"சரி" என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் கொல்லை விஷயத்தில் அவர் என்னைக் கேள்வி கேட்டதும், பதிலுக்குச் சரி என்றதும் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வேகும்போதே கணினியைப் போட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. நான் ஹெட்போனை மாட்டவில்லை. ஏரி வந்தது. அசுரன் எழுந்ததும் அவர் "யப்பா" என்று பின்னால் சாய்ந்தார். கடைசிக் கவசத்தில் விரிசல் விழும் நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பெட்டிதான், அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் காலையிலேயே வந்துவிட்டது. த்ரீ பேஸ் மின்சாரம் வந்துள்ளது, மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும் என்றது. பழக்கதோஷம், கட்டை விரல் தானாகப் போயிற்று. விசை மேனுவலில் இருக்கிறது, அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஏங்க" என்று ஒரு குரல் கொடுத்தேன். விரல் நின்றது. போனைக் குப்புறக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "நீ சுடும்மா, விடாத" என்றார்.

சுட்டேன். அசுரன் முழங்காலிட்டு, ஏரி இரண்டாகப் பிளக்க விழுந்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து போட்ட கூச்சலில் வாசலில் இருந்த கோழிகள் சிதறி ஓடின. அவர் கை தட்டினார். மரியாதைக்குத் தட்டுவது மாதிரி இல்லை, நிஜமாகவே தட்டினார்.

மதியம் அவர் வண்டியில் என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனார். குறை அணிக்காரி நான், ஆனால் நிறையிலிருந்துதான் தொடங்கினேன். இந்த ஆட்டம் நம்மை நிற்க விடாது, நின்றால் செத்தோம், அந்த ஓட்டம்தான் இதன் உயிர் என்றேன். ஒவ்வொரு அசுரனுக்கும் ஒவ்வொரு துப்பாக்கி, மாற்றிப் பிடித்தால் வேலைக்காகாது. கண்ணுக்குத் தெரியும் முன்பே இன்னார் வருகிறார் என்று காலடிச் சத்தத்தில் தெரிந்துவிடும். ஆட்டத்தின் மேளமும் அப்படித்தான், சண்டை ஏற ஏற அதுவும் ஏறும், சாமி வந்த மாதிரி கை தானாக ஆடும்.

பிறகு குறையைப் பிடித்தேன் பாருங்கள். முதல் கதவைத் திறந்ததுமே பெரிய அசுரர்களை ஏவிவிடுகிறான், கை பழகக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டாமா? கேடயம் பிடித்த அசுரன் ஒருவன் வருவான், கேடயத்தைத் தாழ்த்தும் அந்த ஒரு நொடி வரைக்கும் சும்மா நிற்க வேண்டும். ஓடு ஓடு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நட்ட நடுவில் நில் என்றால் எப்படி? கதையைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். நெருப்பு மழைக்கு நடுவில் நின்று அதை யார் படிப்பது? செக்பாயிண்ட்டைச் சதுப்பு நிலத்துக்கு முன்னால் வைத்தவன் ஒருநாளாவது எங்கள் ஊர்க் கரண்டில் ஆடியிருப்பானா? வோல்டேஜ் படுத்தது ஆட்டத்தின் குற்றமில்லை, வெள்ளிக்கிழமை நான் திட்டியது தப்புதான். ஆனால் படுத்தவளைத் தூக்கிவிடாதது அதன் குற்றம்தான் என்றேன். கடையில் விசில் பறந்தது.

நடுவர் எழுந்தான். நிறைதான் விஞ்சி நிற்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். எனக்கு வருத்தமே இல்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "ஆனா குறைன்னா இன்னான்னு எங்கக்கா இன்னிக்கு சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றான். கிளம்பும்போது யு.பி.எஸ்.ஸுக்கு ஒரு புது பேட்டரியை என் கையில் திணித்தான்.

திரும்பியதும் என் வீட்டுக்காரர் நேராகக் கொட்டகைக்குப் போனார். பெட்டியில் இருந்த தன் எண்ணை அழித்துவிட்டு என் எண்ணைப் போட்டு, விசையை ஆட்டோவுக்குத் திருப்பினார். மறுநாள் மதியம் அவர் திண்டிவனத்தில் இருந்தார், நான் பள்ளத்தில் ஆள் விட்டு மல்லாட்டை பிடுங்க வைத்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தேன். என் போன் அடித்தது. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும் என்றது பெட்டி. குனிந்து ஒரு பிடி மேட்டு மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தேன். ஈரம் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.