ஒப்பாரியில் வந்த பெயர்

மனு கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இயலாவிட்டால் காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். இது விதி. தாலுகா அலுவலகத்தில் இதைப் பிறருக்கு நினைவூட்டிக் குறிப்பெழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் தங்கை என்னிடம் வந்தாள்.

குரங்கணியில் சினிமாப் படப்பிடிப்பு. அப்பன் கொலையானதை அறிந்த மகனின் மனம் எப்படித் திரிந்துபோகிறது என்பது கதையாம். பிணத்தைச் சுற்றி அழ உள்ளூர்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். போடியில் ஏலக்காய் பொறுக்கும் தங்கையும் ஒருநாள் கூலிக்குப் போனாள். துணி போர்த்திக் கிடந்த நடிகனைப் பார்த்ததும் அவளுக்கு வேறோர் உடம்பு தெரிந்திருக்கிறது. மண்ணை வாரித் தூற்றி, தன் புருஷனை வெட்டியவனைப் பெயரும் ஊரும் சொல்லிச் சபித்துவிட்டாள். அவன் சாட்சியில்லாமல் விடுதலையாகி, பக்கத்தில் தேவாரம் என்ற ஊரில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தான். மகனிடமோ, அப்பன் ஜீப் கவிழ்ந்து செத்ததாகச் சொல்லியே வளர்த்திருந்தாள்.

"எல்லாரும் கைதட்டுனாங்கண்ணே. டைரக்டரு கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. அப்படியே படத்துல வச்சிருக்காகளாம். அந்தப் பேர மட்டும் எடுக்கச் சொல்லுங்க. பய கேட்டான்னா அருவாளத் தூக்கிருவான்."

"நெசமாவா அழுவ, கூறுகெட்டவளே?"

"பொய்யா அழத் தெரியலையேண்ணே."

பட நிறுவனத்துக்கும் தணிக்கை அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் எழுதினேன். ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பின. பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். இதற்குள் டிவியில் படம் வன்முறையைத் தூண்டுகிறதா, கண்டிக்கிறதா என்று கத்தினார்கள். தணிக்கையில் ரத்தத்தின் நிறத்தைக் குறைக்கச் சொன்னார்களாம். அழுகை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

படம் போடிக்கு வந்த அன்று, தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் மகனின் வண்டிச் சாவியைத் தங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் கூட்டாளியின் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, அது ஆத்தா சத்தந்தானே?"

"சினிமாடா மாப்ளே. ஆயிரம் சொல்லுவாக."

"எங்கய்யா ஜீப்புலதானே செத்தாரு?"

அலுவலகத்தில் எத்தனையோ கணக்குத் தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினேன். பின்னாலேயே ஓடிவந்த தங்கை அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அது நடிப்புய்யா! கூலிக்கு அழுதேன்யா!" என்று கதறினாள். அவன் கொட்டகையில் கேட்ட அதே குரல். அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கிவிட்டுப் போனான்.

தோப்பில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை; முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது.

'தங்கள் மனு இவ்வலுவலக வரம்பில் வராது. உரிய அலுவலகத்தை அணுகவும்.' இந்தப் பதில் வந்தது தை அமாவாசையன்று. அப்பனுக்குத் திதி கொடுக்க வேண்டியவனை ரிமாண்டுக்குக் கொண்டுபோன அதே நாளில்.