இழுக்குது என்று சொல்லாதீங்க

அப்பாவின் மூச்சுக்கு எங்கள் வீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. அம்மா இழுப்பு என்பாள். மருந்துக்கடைக்காரர் வீசிங் என்பார். தமிழ் வாத்தியாரான நான் இரைப்பு என்பேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாறைத் தூளைத் தின்ற நெஞ்சு அது. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிடும்.

"இரைதல்னா சத்தம் போடறதுங்கம்மா. இரைச்சல்ங்கறமில்ல, அதே வேர்தான். இரைப்புன்னு சொல்லுங்க" என்று ஒருநாள் பாடம் எடுத்தேன்.

அம்மா வெங்காயம் உரித்தபடியே சொன்னாள். "சத்தம் கேக்கறது நமக்குத்தானே சாமி. அவருக்கு இழுக்கறது மட்டுந்தானே தெரியும்."

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

போன ஐப்பசியில் அம்மா, தம்மம்பட்டியிலிருக்கும் அப்பாவின் தங்கைக்குப் போன் போட்டு, "உங்க அண்ணனுக்கு ரெண்டு நாளா இழுக்குது அம்மிணி" என்றிருக்கிறாள். அத்தை வாழ்க்கைப்பட்ட பக்கத்தில் இழுக்குது என்றால் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலை, பிணத்துக்குப் போர்த்தும் கோடி வேட்டியும் கையுமாகத் தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு வந்தாள். அப்பா இட்லி தின்றுகொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

"கோடிய வெச்சுட்டுப் போ அம்மிணி. எப்பிருந்தாலும் ஆவும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நெசமாப் போறப்ப நீ பக்கத்துல இரு சாமி. எனக்கு அது போதும்."

சரி என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்க் குதித்தேன். "உசுரோட இருக்கற மனுசனுக்குக் கோடி வர வெச்சுட்டீங்களே! இனி இந்த ஊட்டுல இழுக்குதுங்கற பேச்சே வரக்கூடாது. வீசிங்னு சொல்லுங்க."

அம்மா தலையாட்டினாள். வீசிங், வீசிங் என்று இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆத்தூரில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பதினொரு மணி இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள்.

"சாமி, அப்பாவுக்கு வீசிங் சாஸ்தியா இருக்குது."

"ஆவி மிசின் வையுங்க. சாயங்காலம் வாரேன்."

"வெச்சாச்சு சாமி. இது வந்து... வீசிங் ரொம்ப..." என்று ஏதோ வார்த்தைக்குத் தடுமாறினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மணியும் அடித்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் சத்தம் கேட்கவில்லை. பீரோவிலிருந்த அந்தக் கோடியை எடுத்து அப்பாமேல் போர்த்தியிருந்தார்கள்.

பாவி, அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் பறந்து வந்திருப்பனேம்மா!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய் வரைக்கும் வந்துச்சு சாமி. நீதான அதச் சொல்லக்கூடாதுன்ன."