தனிக்கு முன்னால் வந்த மங்களம்

ஒரு கச்சேரியை நான் பாதியில் முடித்துவைத்தேன். துண்டுச் சீட்டு எழுதி, குழுவின் பெயரில் பொய் சொல்லி, முடித்துவைத்தேன். காரணம், எனக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று நான்கு கோடைகளாக யோசித்துவிட்டேன். அகப்படவில்லை.

புதுச்சேரியில் மே மாதப் பகலில் யாரும் மனிதர்களாக இருப்பதில்லை. சாயங்காலம் கடற்காற்று தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவோம். அதை அனுசரித்துத்தான் ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு, கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே இருக்கிற மைதானத்தில் எங்கள் கோடைக் கச்சேரி நடக்கும். மேலே வேப்பமரம், கீழே மணல், இடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். காற்று மைக்குக்குள் புகுந்து புஸ் புஸ் என்று ஊதும். காகங்களுக்கு அடையும் நேரமும் ஆலாபனை நேரமும் ஒன்று. முதல் வரிசைக்கும் முன்னால் ஒரு தெரு நாய் படுத்திருக்கும். எந்த வித்வான் வந்தாலும் அதற்கு ஒரே தூக்கம்தான்.

நான் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார். தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பாடல் குழுவில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு மட்டும் எப்படியோ கர்நாடக சங்கீதம் பிடித்துக்கொண்டது. கச்சேரிக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தேன். உரக்கப் பேசுவேன் என்பதால் மைக்கில் அறிவிப்புச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. வந்த இடத்தில்தான் வினை.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கச்சேரியில் பெரிய பாட்டு முடிகிற இடத்தில் பாடகர் நிறுத்திக்கொள்வார், வயலினும் நின்றுவிடும், மிருதங்கம் மட்டும் இருபது நிமிடம் வாசிக்கும். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். சுருக்கமாகத் தனி. அது தொடங்கியதும் பாதிச் சபை எழுந்துவிடும். கழிப்பறைக்கு, காபிக்கு, போன் பேச. எனக்கு இது பொறுக்காது. ஆகவே சீசனின் முதல் ஞாயிறன்றே மைக்கைப் பிடித்து ஒரு பிரசங்கம் செய்தேன்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து உழைத்தவருக்கு நாம் காட்டுவது நம் முதுகா? தனியின்போது எழுந்து போகிறவர் ரசிகரே அல்லர். இந்த நாயைப் பாருங்கள். இதுவரை ஒரு தனிக்கும் எழுந்ததில்லை."

கைதட்டல் கிடைத்தது. அன்றிலிருந்து தனியின்போது யாராவது அசைந்தால் முதல் வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். முப்பத்தைந்து வருஷம் பரீட்சை அறையில் பழக்கிய பார்வை. பாதி எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகி வந்தார். அவருடைய மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல். உள்ளூரில் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நான்தான் போன் செய்தேன். அவர் எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். வயது முப்பத்திரண்டு இருக்கும். பன்னிரண்டு வருஷமாக உள்ளூர்க் கச்சேரிகளில் வாசித்தாலும் யாரும் அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தனி கொடுத்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், முழுத் தனி கிடைக்குமா?"

"பின்னே? இருபது நிமிஷம். பாடுற அம்மாவே சொல்லிட்டாங்க."

ஞாயிறு மாலை பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வேன் வந்தது. இருபது பேர் இறங்கினார்கள். எல்லாரும் அவருடைய சொந்தக்காரர்கள். மூன்றாவது வரிசையும் நான்காவது வரிசையும் அவர்களாலேயே நிறைந்தன. அப்பா விவசாயி. தோளில் பச்சைத் துண்டு, கையில் ஒரு குலை இளநீர். மகன் பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டு மிருதங்கம் கற்றதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"அய்யா, இத்தினி வருஷமா இவன் அடுத்தவங்க பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து தட்டிக்கினு கெடக்கறான். இன்னிக்கு இவன் ஒருத்தனே வாசிக்கிற கட்டம் ஒண்ணு வரும்ன்றான். மெய்தானா?"

"மெய்தான். அப்ப பாட்டு நின்னுடும், வயலினும் நின்னுடும்."

"எல்லாம் நின்னுடுமா?"

"நின்னுடும்."

"இவனுக்காவ?"

"இவருக்காகத்தான்."

குலையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு ஒரு இளநீரைச் சீவி நீட்டினார். "குடிங்க. நம்ம மரம்."

இங்கே என் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகக் கோரிமேட்டு டாக்டர் எனக்கு நீர் மாத்திரை எழுதியிருந்தார். காலையில்தான் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அன்று பூசைக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டு, மாலை நாலரைக்குப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் குழுவில் கொடுத்த நன்னாரி சர்பத் இரண்டு டம்ளர். அதற்கும் மேல் இந்த இளநீர். ஒரு விவசாயி தன் மரத்து இளநீரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இரண்டாவதும் குடித்தேன்.

ஏழே கால் மணிக்குப் பெரிய பாட்டு தொடங்கியது. அதற்கு முன்பே எனக்குத் தொடங்கிவிட்டது.

ஏழரைக்கு என் கால்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. தாளம் போடுகிற சாக்கில் தொடையை அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், ஆதி தாளத்துக்கு ஏன் இத்தனை அடி என்பதுபோல் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், கண்ணை இறுக மூடினேன், உதட்டைக் கடித்தேன். பாடகி இதையெல்லாம் ரசனை என்று எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, அதே சுரத்தை இன்னும் இரண்டு சுற்றுப் பாடினார்.

அப்போதே எழுந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கழிப்பறை மேடைக்குப் பின்னால். போக வேண்டுமானால் மேடைக்கு முன்னாலேயே குறுக்கே நடந்து சுற்ற வேண்டும். போய்த் திரும்ப எனக்குக் கால் மணி நேரம். என் வயதில் இந்தக் காரியம் சட்டென்று முடிவதில்லை. நான் திரும்பி வரும்போது தனி நடந்துகொண்டிருக்கும். முன்னூறு பேரும், என் பார்வைக்குப் பயந்து மூன்று வாரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், நான் நடந்து வருவதைப் பார்ப்பார்கள். நாயும் பார்க்கும்.

எங்கள் கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. ரசிகர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புவார்கள். அது தம்பூரா மீட்டுகிற பெண் வழியாகப் பாடகரிடம் போகும். நான் நிகழ்ச்சி நிரலின் பின்புறத்தைக் கிழித்து எழுதினேன்: "போலீஸ் அனுமதி ஏழே முக்கால் வரைதான். தயவுசெய்து மங்களம் பாடி முடித்துக்கொள்ளவும். குழு."

சீட்டு போயிற்று. மேடையில் மிருதங்கக்காரர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கல்லால் இரண்டு தட்டுத் தட்டிச் சுருதி பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பாடகி சீட்டைப் படித்தார். புருவம் உயர்ந்தது. வயலின்காரரிடம் காட்டினார். பிறகு பெரிய பாட்டை இழுத்து முடித்துவிட்டு மங்களத்தைத் தொடங்கினார்.

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மங்களத்தை யாரும் இடையில் நிறுத்துவதில்லை. அது முடிந்த பிறகு எதையும் பாடுவதும் வாசிப்பதும் இல்லை. தவறு என்று தெரிந்தாலும், போலீஸ்காரரே வந்து தொடருங்கள் என்று சொன்னாலும், மங்களம் மங்களம்தான். மரியாதைக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது என் முகத்தில் பரம நிம்மதி இருந்திருக்க வேண்டும். அந்த முகத்தோடுதான் அப்பாவும் மகனும் பேசியதைக் கேட்டேன்.

"இன்னாடா, எல்லாரும் எழுந்துக்கினாங்க?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"நீ எப்ப வாசிப்ப?"

"இவ்ளோ நேரம் வாசிச்சேனே."

"அதில்லடா. எல்லாம் நின்னுடும்னாரே அந்த அய்யா."

"இன்னிக்கு இல்லப்பா. டைம் இல்லன்னுட்டாங்க."

அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு டைம் இருக்குதுடா," என்றார்.

மகன் மிருதங்கத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வேன் கிளம்பும்வரை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா, இனிமேலாவது ஏதாவது நிற்குமோ என்பதுபோல.

மறுவாரம் குழு கூடியது. சீட்டை எழுதியது யார் என்று விசாரிக்க வேண்டும் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துத் திருத்தியவர் என்பதால் விசாரணையை என்னிடமே ஒப்படைத்தார்கள். சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "படித்தவர் எழுத்து. ஆனால் ஏதோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்," என்று அறிக்கை கொடுத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் நுட்பத்தைப் பாராட்டினார்கள். அன்று இரண்டு இட்லிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பங்குச் சாமியாரிடம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி சாமியாருக்குத்தான், எனக்கு இல்லை. ஆகவே எழுதுகிறேன். வலைத்தடுப்புக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"முசியே, அது நீங்கதானா?" என்றார் சாமியார், பிரெஞ்சு வாத்தியாரை ஊரே கூப்பிடுகிற பெயரில். "நானும் வந்திருந்தேன். ஏழாவது வரிசை. நானும் அடக்கிக்கினுதான் உக்காந்திருந்தேன், உங்க பார்வைக்குப் பயந்து."

"மன்னிக்கணும் சாமி."

"ஆண்டவர் மன்னிப்பாரு. அந்தத் தம்பிகிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் பத்து அருள்நிறைந்த மரியே செபம்."

ஷிப்ட் முடிகிற நேரத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்சாலை வாசலில் நின்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன், மாத்திரை உட்பட. அவர் சைக்கிள் மணியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சார், உள்ள பாத்ரூம் இருக்கு. போறீங்களா?"

"வேணாம் தம்பி."

"இல்ல, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. அப்புறம் ஷிப்டையே முடிச்சு வச்சிடப் போறீங்க."

அதற்குச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. அவரும் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டீங்க, சரி. ஆனா எங்கப்பா ஊர் பூரா சொல்லிக்கினு இருக்காரு, தனின்னு ஒண்ணு கெடையவே கெடையாது, பையன் பன்னெண்டு வருஷமா ஏமாத்திட்டான்னு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்றீங்களா?"

நான் அதைவிடப் பெரிதாகச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். குழுவிடம் உண்மையைச் சொன்னேன். என் அறிக்கையை எனக்கே ஒருவர் படித்துக் காட்டினார். சீசனின் கடைசி ஞாயிறு, உள்ளூர்ப் பாடகர் ஒருவரின் கச்சேரி. அதில் மிருதங்கக்காரர் வாசிப்பது, அவருக்கு முழுத் தனி கொடுப்பது, அதற்கு முன்னால் நான் மைக்கில் ஒப்புக்கொள்வது என்று முடிவாயிற்று. சென்னைப் பாடகியோடு கிடைத்த வாய்ப்புக்கு இது ஈடாகாது. அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவும் இல்லை.

அந்த ஞாயிறு மாத்திரையைக் காலை ஆறு மணிக்குப் போட்டேன். மதியத்துக்குப் பிறகு தண்ணீர் தொடவில்லை. வேன் வந்தது. அப்பா இளநீர் கொண்டுவரவில்லை.

பெரிய பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். "மூன்றாவது ஞாயிறு இவருடைய தனியைப் பறித்தவன் நான். எனக்குச் சிறுநீர் வந்தது. எழுந்து போக வெட்கமாக இருந்தது. ஆகவே கச்சேரியை முடிக்கச் சொல்லிப் பொய்ச் சீட்டு எழுதினேன். தனி என்று ஒன்று உண்டு. இதோ."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஏழாவது வரிசையிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதன் பின் சபையே சிரித்தது. பாடகர் பாட்டின் முதல் வரியை மட்டும் மறுபடி பாடி நிறுத்தினார், வயலின் நின்றது, மிருதங்கம் தொடங்கியது.

நான் எதிர்பாராதது அடுத்துதான் நடந்தது. சபை எழுந்தது. ஒருவர் இருவர் அல்ல, வரிசை வரிசையாக. சீசன் முழுக்க அடக்கிவைத்தவர்களுக்கு என் வாயாலேயே விடுதலை கிடைத்துவிட்டது. எனக்கு வந்த பாவமன்னிப்பை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தார்கள். கடைசியில் நாயும் எழுந்து, உடம்பை நீட்டி முறித்துக்கொண்டு, அவர்கள் பின்னால் போயிற்று.

மேடையில் அவர் கை வேகம் குறைந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். அவரும் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடைக்குப் பக்கத்தில், எல்லோரும் போகிற வழியில் போய் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார். விளைந்த வயலில் மாடு இறங்காமல் மடக்குகிற மாதிரி, துண்டை ஒரு வீசு வீசினார்.

"உக்காருங்கய்யா. எம் பையன் வாசிக்கிறான், எங்க போறீங்க?"

"பெரியவரே, அவசரம்."

"எனக்குந்தான் அவசரம். ஒன்றரை மாசமா அவசரம். உக்காருங்க."

ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சாமியாரும் பாதி வழியிலிருந்து திரும்பினார். என் பார்வை சீசன் முழுக்கச் செய்ததை அந்தத் துண்டு ஒரே வீசில் செய்தது. பிறகு அவர் உட்காரவே இல்லை. வழியை மறித்தபடியே, மேடையைப் பார்த்துக்கொண்டு, தனி முடியும்வரை நின்றார். மகன் அவரைப் பார்த்தே வாசித்தார். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தோம். நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் சாமியார் பார்த்திருக்கிறார், முப்பத்திரண்டு நிமிடம் என்றார்.

முடிந்ததும் கைதட்டல். பாதி ரசனைக்கு, பாதி விடுதலைக்கு. ஜனங்கள் அப்பாவைத் தாண்டி ஓடினார்கள். அவர் மெதுவாக என் நாற்காலிக்கு வந்தார்.

"நின்னுச்சு," என்றார். "பாட்டும் நின்னுச்சு, அந்தப் பிடிலும் நின்னுச்சு. பாத்தேன்."

"ஆமாங்க."

"நீங்க இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கீங்க? போய்ட்டு வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு அவசியமே இல்லை. மதியத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அவர் எனக்காக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். எழுந்தேன். மேடைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, குறுக்கே நடந்து போனேன்.