வெள்ளை படியாத கிறீம்

முகத்துக்குக் கிறீம் விற்கிற தொழிலில், வருகிறவரின் முகத்தை உற்றுப் பார்ப்பதும் வேலை, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாததும் வேலை. என்னைப்போலக் கடையில் கால்கடுக்க நிற்கிற உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. நான் நிற்பது டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்துக் கடையொன்றில்.

ஆகக் கடும் நிறம்

மாசி மாதக் குளிரில் டெனீஸ் வந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண், டேனிஷ்காரரைக் கலியாணம் முடித்து இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். கடைக்குள்ளும் சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தார். தயங்கித் தயங்கி இறக்கினார். பருவுக்கென்று இணையத்தில் வாங்கிய ஏதோ கிறீம் எரித்து, இரண்டு கன்னத்திலும் கறுத்த தழும்பு.

மறைக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இருந்ததிலேயே கடும் நிறத்தை எடுத்துக் கொடுத்தேன். புறங்கையில் பூசிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"உங்கள் கடையின் ஆகக் கடும் நிறம், என் வீட்டில் பால் கூடிப்போன கோப்பி."

வெயில் இல்லாத ஊர்

எனக்கே தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்க மனம் வரவில்லை. தோல் வைத்தியரிடம் போகச் சொன்னேன். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எரிக்கிறதெல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாராம் வைத்தியர். வாசனை இல்லாத சாதாரணக் கிறீமை முகம் கழுவின ஈரம் காய முதல் பூச வேணும், வானம் மப்பாக இருந்தாலும் தினமும் சன்கிறீம் போட வேணும், தழும்பு ஆறுதலாகத்தான் மங்கும்.

டெனீஸ் யன்னலால் வெளியே பார்த்தார். வானம் சாம்பலாய்க் கிடந்தது.

"சன்கிறீம் இருக்கட்டும், முதலில் சூரியன் எந்தத் தட்டில் இருக்கிறது?"

இரண்டாவது ஆள்

இருந்த சன்கிறீம் எல்லாவற்றையும் அவருடைய கையிலும் என்னுடைய கையிலும் பூசிப் பார்த்தோம். எல்லாம் சாம்பல் அப்பின மாதிரி வெள்ளையாய் நின்றது. ஒரு மாதிரி, தண்ணிபோலத் தெளிந்த ஒன்றைப் பட்டியலில் கண்டுபிடித்தேன். அதை வரவழைக்க எங்கள் பொறுப்பாளர் கிர்ஸ்டன் யோசித்தார். கெட்ட மனுசி இல்லை. ஒரு ஆளுக்காக எப்படி ஒரு பெட்டி எடுப்பது என்பதுதான் அவருடைய கவலை.

இக்காஸ்ட் ஊரில் இருந்து மகளைப் பார்க்க வந்த செல்வியக்கா, கைக்கிறீம் வாங்க நின்றவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் புகுந்தார்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு சொல்லிவிடு. உங்கட கிறீமைப் பூசினா நான் மா வாளிக்குள்ள விழுந்தெழும்பின மாதிரியெல்லோ இருக்கிறன்!"

கிர்ஸ்டனுக்கு டேனிஷில் சொன்னேன். பெட்டி வந்தது.

தொலைபேசியில் அம்மா

இலையுதிர் காலத்தில் டெனீஸ் மறுபடி வந்தார். தழும்பு முழுதாய்ப் போகவில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும். காசு கொடுக்கிற நேரம் அமெரிக்காவில் இருந்து அம்மா அழைத்தார். இத்தனை மாதமும் அம்மாவோடு குரலில் மட்டும்தான் கதைத்தாராம், கமரா பழுது என்று பொய் சொல்லி. என்னை ஒருதரம் பார்த்தார். நான் தலையாட்டினேன். கமராவைப் போட்டார்.

திரைக்குள் அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, கிட்ட வந்து, கனநேரம் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய் மகள், அந்த நாட்டில் ஒருத்தரும் சமைக்கிறதில்லையா?"

நாங்கள் மாதக்கணக்காய் முகத்தில் மினக்கெடுகிறோம், அம்மாக்கள் ஒரே பார்வையில் வயிற்றுக்குப் போய்விடுகிறார்கள்.