மூணாவது வாரத் தோள்வலி

வலிக்கிற இடத்தை விட்டுட்டு மத்ததையெல்லாம் துருவித் துருவிக் கேக்கறதுதான் இப்ப எங்க பிசியோதெரபி தொழில். தூக்கம் எப்படி, டீ எத்தனை, நடக்கறீங்களா, மனசுல என்ன கவலை. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து, நெய்வேலியில என் கிளினிக்குக்கு வர்ற எல்லார் கையிலயும் ஒரு டைரியைத் திணிச்சிட்டேன். உங்களுக்கும் எங்கேயாவது வலிக்கத்தான் செய்யும், அதனால பொறுமையா கேளுங்க.

காலு முன்னாடி போகுது

மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இடுப்பு வலின்னு வந்தாரு. மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் வேலை. என் கேள்வியெல்லாம் கேட்டுட்டு, சம்பந்தம் பேசறாப்புல விசாரிக்கிறீங்களேன்னு நக்கல் பண்ணாரு. ஒரு மாசமா வேலைக்குப் போகலை. ஆனா டைரியில தினமும் ஒரே வரி: காலை நாலரை, வாசல்ல நின்னேன்.

அலாரமான்னு கேட்டேன். இல்லையாம். கண்ணு முழிக்கிறப்பவே செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அவருக்கு வரலை.

"காலு ட்யூட்டிக்குப் போய்கினே இருக்குதுங்க. நான்தான் அது பின்னாடி போறன்."

டைரியில ஒரு கணக்கு

ருக்மணி அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். வலது தோள் இறுகிப்போய் கை காதுக்கு மேல ஏறலை. டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே சொந்த வீட்ல இருந்தாங்க. கை சரியாகலைன்னா ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்னு மக ஒத்தக்கால்ல நின்னா. இவங்களுக்கோ வீட்டைப் பூட்டறதுன்னாலே நடுக்கம்.

மூணு மாச டைரியைப் புரட்டினேன். ரெண்டு வாரம் தோள் இளகுது, மூணாவது வாரம் கல்லாயிடுது. மறுபடி ரெண்டு வாரம், மறுபடி கல்லு. சர்க்கரையா, சாப்பாடான்னு மண்டையைப் பிய்ச்சுக்கிட்டேன். கடைசியில அவங்களையே கேட்டேன். இது கூடத் தெரியாதான்னு பார்த்தாங்க.

"அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்மா."

மூடின கதவு

நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்லவே வேணாம். புருசன் நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்து பகல்ல தூங்கற வாரம், மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, பிள்ளைங்க வாயைத் திறக்காது. சரி, அவர்கிட்டயே பேசிடலாம்னு ஒரு மூணாவது வாரம் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். ஜன்னலெல்லாம் சாத்தி இருட்டா இருந்துச்சு. ருக்மணி அம்மா விடிஞ்சதுலேர்ந்து ஒரே நாற்காலியில அசையாம உக்காந்திருக்காங்க. அப்புறம் தோள் எப்படி இளகும்?

கை தூக்கிப் பழக நான் குடுத்த கயிறும் கப்பியும் படுக்கையறைக் கதவு மேல தொங்குச்சு. கதவு மூடியிருந்துச்சு, உள்ள ஃபேன் ஓடுச்சு. இதை இழுக்கறதே இல்லையான்னு கயிறைப் பிடிச்சு நானே ஒரு இழு இழுத்தேன். கப்பி கிறீச்சுன்னுது. உள்ள கட்டில் முனகுச்சு, ஆள் புரண்டு படுத்தாப்புல. சார் எழுந்துட்டாரான்னு கேட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டு, காதோரமா சொன்னாங்க.

"அவரு போயி மூணு வருசமாவுதும்மா. சத்தம் போடாதீங்க."

ஜெனரல் ஷிப்ட்

பயந்துட்டேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. மனநல டாக்டருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தேன். அதை சாமி படத்துக்குப் பின்னாடி செருகிட்டாங்க. மக ஓசூர்லேர்ந்து கிளம்பி வர்ற நாளும் நெருங்கிடுச்சு. ஒருநாள் அவங்க வீட்ல வெச்சு என் வாய் தானா சொல்லிடுச்சு: "அவரு சீனியர்தானேம்மா, ஜெனரல் ஷிப்டுக்கு, தினமும் பகல் வேலைக்கே மாத்திட்டாங்கன்னு வெச்சுக்குவோமே." அவங்க படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாங்க.

அதுலேர்ந்து எல்லா வாரமும் பகல்ல கப்பி ஓடுச்சு, சாயங்காலம் நடையும் போனாங்க. மக வந்தப்ப, வலது கையைத் தூக்கித் தலை பின்னிக் காட்டினாங்க. அவ தனியாத்தான் பஸ் ஏறினா. ஜெயிச்சிட்டோம்னு டைரியை மூடி வெச்சேன். கிளினிக் வாசல்வரைக்கும் போன ருக்மணி அம்மா, ஏதோ ஞாபகம் வந்தாப்புல திரும்பினாங்க.

"இப்பல்லாம் சாயங்காலம் அஞ்சரைக்கே வந்துடறாரும்மா. யாரு ஷிப்ட் மாத்தினதுன்னு கேட்டாரு, உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

இப்ப நான் வலிக்கிற இடத்தை மட்டும் கேட்டுட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் கிளினிக்கைப் பூட்டிட்டுக் கிளம்பிடறேன்.