வங்கியை மடக்கிய கிரில்காரர்

கிரில்காரர் என்றால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கூலிக்கு இரும்பு ராவப் போய், பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டு, அந்த வட்டாரத்து ஜன்னல்களில் பாதிக்குக் கம்பி போட்டவர். யார் தோளிலும் ஏறி வரவில்லை. தன் காலில் நின்றார்; அதுவும் தீப்பொறி தெறித்துப் புள்ளி விழுந்த கால்.

பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் எமன்கூட அவரிடம் தள்ளுபடி கொடுத்துவிட்டுத்தான் போவான். அவர் மார்தட்டிக்கொண்ட பெரிய வெற்றியும் ஒரு பேரம்தான். வளைக்கும் மெஷின் வாங்க வங்கியில் கடன் எடுத்திருந்தார். ஒரு கான்ட்ராக்டர் ஒரு கட்டடத்துக்கே கிரில்லும் இரும்புக் கேட்டும் வாங்கிக்கொண்டு, காசு தராமல் கம்பி நீட்டிவிட்டான். தவணை நின்றது. வசூல்காரர்கள் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்கினார்கள். வருடக்கணக்கான இழுபறிக்குப் பிறகு, "பாதிதான் இருக்கு, வாங்கினா வாங்குங்க" என்று முரண்டு பிடித்தார். வங்கியும் தலையாட்டியது. அன்றிலிருந்து எந்தப் பேச்சை எடுத்தாலும், "பேங்கையே மடக்கினவன் நான்" என்றுதான் தொடங்குவார்.

இப்போது பட்டறை நிற்கும் வாடகை இடத்தை உரிமையாளர் விற்கப் போகிறார்.

"முதல்ல உங்களைத்தான் கேக்கிறேன். ஒரு வருஷம் பொறுப்பேன். அதுக்கு மேல என் மகன் பொறுக்க மாட்டான்" என்றார்.

இடம் கைமாறினால், இந்த வயதில் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டும். கையிருப்பு போதாது. அதே வங்கியின் படியேறினார்.

கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயா, உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கீழ கிடக்கு. பழைய கடனை முழுசாக் கட்டலையே."

"என்னம்மா சொல்ற? பேசி முடிச்சாச்சு. உங்க மேனேஜரே கை குடுத்தாரு."

"கை குடுத்திருப்பாரு. மீதியை நஷ்டத்துல எழுதிட்டாரு. எந்த பேங்குல தட்டிப் பாத்தாலும், முழுசாத் தராதவருன்னுதான் உங்களைக் காட்டும்."

ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை, அவர் பெயர் மேலேயே துருவாக உட்கார்ந்திருந்தது. துருவின் மேல் பெயின்ட் நிற்காது. சுரண்டத்தான் வேண்டும்.

"சரி, என்ன செய்யணும்?"

"விட்ட மீதியைக் கட்டுங்க, கணக்கை முடிச்சு மாத்தி எழுதச் சொல்றேன். அப்புறம் ஒரு டெபாசிட் போட்டு, அது மேல சின்னதா ஒரு கார்டு வாங்குங்க. மாசாமாசம் கொஞ்சம் செலவழிச்சு, தேதி தவறாமக் கட்டுங்க."

"கையில காசை வச்சுக்கிட்டுக் கடன் வாங்கணுமா? நல்ல வைத்தியம்மா. கால் உடைஞ்சவனை ஓடிக் காட்டச் சொல்ற."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

"மடக்கினேன், மடக்கினேன்னீங்களே. இப்ப மடங்கிக் கிடக்கறது யாரு?"

அவர் எழுந்து போய் பீரோவில் பாஸ்புக்கைத் தேடினார்.

மீதியைக் கட்டினார். இடத்துக்கென்று சேர்த்ததில் ஒரு பங்கு அதில் போயிற்று. பிறகு டெபாசிட் போட்டார்; கார்டு வந்தது. வெல்டிங் ராடு வாங்க அதை நீட்டியபோது, கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "என்னண்ணே, கை கடிக்குதா?" என்றார். எப்போதும் ரொக்கமாக எண்ணி வைத்த கை கூசியது. "இல்லப்பா, பழகிக்கிறேன்" என்றார்.

மாதாமாதம் அதே கடை, அதே கூச்சம். போனில் கட்டுவதை நம்பாமல், கெடுவுக்கு முன்பே வங்கி வரிசையில் போய் நின்று கட்டுவார். ஸ்கோர் எறும்பாக ஊர்ந்தது. சில மாதம் எறும்பும் படுத்துக்கொண்டது. பட்டறையில் பழம்பெருமை பேசுவதை விட்டுவிட்டார். பேசத் தெம்பில்லை.

வருடக் கடைசியில், உரிமையாளரின் மகன் இரண்டு தடவை வந்து இடத்தை அளந்துவிட்டுப் போனபின், மனைவியையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார்.

"இப்பக் குடுக்கலாங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "வட்டிதான் கொஞ்சம் கூட வரும்."

வட்டி என்றதும் வளைந்த முதுகு நிமிர்ந்தது. "கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்தார்.

மேசைக்கடியில் மனைவி அவர் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டிருந்தா கால் பெர்சென்ட் கொறச்சிருப்பா."

"கொறச்சிருப்பா. எந்திரிங்க, அந்த மகன்காரன் காத்துக்கிட்டிருப்பான்."

"கொஞ்சம் இரு. அலுப்பா இருக்கு."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.