உப்பில்லாத சித்திரை

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. சித்திரை மாதம் முழுவதும் உப்பில்லாமல் சாப்பிடுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். என் மனைவிக்கு மட்டும் தெரியும். எனக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் குழம்பு, வெஞ்சனம் வைப்பாள். பலிக்காது என்பதைவிட, ஆம்பிளை இதற்காக விரதம் இருக்கிறான் என்று தெருவில் பேசுவார்களே என்ற கூச்சம்தான் எனக்கு.

திண்டுக்கல்லில் தோல் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, விரித்துப் போட்டு உப்பை அள்ளித் தேய்க்க வேண்டும். பகலெல்லாம் கையில் உப்பு. வீட்டுக்கு வந்தால் சப்பென்று சோறு.

முதல் சில நாட்கள் அடிக்கடி சிறுநீர் போயிற்று. வேட்டி இடுப்பில் தளர்ந்தது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். வேர்வை காய்ந்தால் பனியன் முதுகில் வெள்ளையாகக் கோடு பூத்திருக்கும். அது பூப்பது நின்றுபோனது. அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டேன். உப்பு உள்ளே போவது குறைந்தால் உடம்பு தன்னிடம் உள்ளதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பிடிக்கும் ஓர் எல்லை உண்டாம்.

அப்பா அம்மா இல்லாத வீடு. தங்கச்சிக்கு வரன் பேச நான் ஒருவன்தான். ஆயக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று, சாயங்காலம்தானே வருவார்கள் என்று வேலைக்குப் போனேன். லாரியில் தோல் வந்து இறங்கியது. வேர்த்துக் கொட்டக் கொட்டச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். குடிக்கக் குடிக்கத் தலை கனத்தது. உச்சி வெயிலில் வீட்டுக்கு நடக்கையில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உள்ளே கொய்யாப்பழக் கூடையோடு அவர்கள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாங்க என்று சொல்ல நினைத்தேன். நாக்கு குழறியது. வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

மதுவிலக்கு இருந்த காலம். பையனின் மாமா சிரித்தார். "நாம வர்றதுக்கு முந்தியே அண்ணங்காரரு விருந்தை ஆரம்பிச்சுட்டாராட்ட இருக்குது."

கதவுக்குப் பின்னால் தங்கச்சி நின்றிருந்தாள். பையனின் அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒருக்கா ஊதிக் காட்டுங்க."

போலீஸ்காரர் முன்னால் நிற்பவன்போல வாயைத் திறந்து ஊதினேன். அந்தம்மா முகர்ந்து பார்த்தார்.

"வாடை ஒண்ணுமில்லீங்களே. அப்புறம் எதுக்கு இப்படி ஆடறீங்க?"

என் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "குடிக்கிற ஆளு இல்லம்மா. இந்த மாசம் பூரா உப்பில்லாமத்தான் சாப்புடுறாக. வேண்டுதல்."

"எதுக்குங்க வேண்டுதல்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மாவின் கண் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தது. கொடியில் சின்னத் துணி ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் நீராகாரத்தில் உப்பைக் கரைத்து எடுத்து வந்தார்.

"குடிங்க தம்பி. அம்மங்கிட்ட நான் சொல்லிக்கறனுங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உதட்டில் உப்புப் பட்டதும் மடமடவென்று குடித்தேன். கடைசிச் சொட்டுக்காகச் செம்பை வாயில் கவிழ்த்து, உதட்டையும் நக்கிக்கொண்டேன். நிமிர்ந்தால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடிகாரன் என்று அவர்கள் நினைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு கூசவில்லை.

மெல்லக் கால் இழுப்பு விட்டது. "மருந்தே அதுதானாட்ட இருக்குது" என்றார் மாமா, இந்த முறை சிரிக்காமல். போகும்போது அந்தம்மா, "வைகாசில நாள் பாருங்க" என்றார்.

விட்ட விரதத்தை நான் மறுபடி எடுக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் என் இலை ஓரத்தில் உப்பு வைத்துவிட்டு ஆள் நகர்ந்ததும் எதிர்வரிசையிலிருந்து அந்தம்மா குரல் கொடுத்தார்.

"எங்க தம்பிக்கு இன்னொருக்கா வைங்கப்பா. அவருக்கு அது கட்டாயம் வேணும்."

பந்தியே சிரித்தது. பாதிப் பேருக்குக் காரணம் தெரிந்திருக்கும். குனிந்த தலை நிமிராமல், வைத்த உப்பு முழுவதையும் சோற்றில் போட்டுப் பிசைந்து தின்றேன்.